வரவில்லை, வந்ததே இல்லை: சிங்கப்பூரில் 'நெவர்' படும் பாடு

என் அண்ணன் மகள் துறைமுகம் சார்ந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். லண்டனிலிருந்து மாற்றலாகி வந்திருந்த மேலாளருக்கு முதல் நாள் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். மறுநாள் மதியம் வரை பதில் இல்லை. நினைவூட்டலாம் என்று ஒரே ஒரு வரி எழுதினாள்: 'யூ நெவர் ரிப்ளை மை ஈமெயில்.'

மேலாளர் அவளை அறைக்கு அழைத்தார். கோபமாக இல்லை, ஆனால் முகம் வாடியிருந்ததாம். தாம் வந்த நாளிலிருந்து அவளுக்கு அனுப்பிய பதில்களையெல்லாம் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து காட்டினார். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று இரவு என்னிடம், "நேற்று அனுப்பிய ஒன்றைப் பற்றித்தானே கேட்டேன், சித்தப்பா? இவர் ஏன் இரண்டு மாதக் கணக்கை ஒப்பிக்கிறார்?" என்றாள்.

அவள் எழுதியது, 'நீங்கள் பதில் போடவில்லை.' அவர் படித்தது, 'நீங்கள் பதில் போடுவதே இல்லை.' எழுத்து ஒன்றுதான். தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஏன் வந்திருக்காது என்பதை யோசிக்கத் தொடங்கியதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்றொரு சிறு எதிர்மறைச் சொல் இருந்தது. அது 'எவர்' என்ற சொல்லோடு ஒட்டி 'நெவர்' ஆயிற்று. (இந்த 'எவர்' நம் தமிழ் 'எவர்' அல்ல, அதற்கு 'எப்போதாவது' என்று பொருள்.) 'எப்போதாவது' என்பதன் தலையில் ஒரு 'இல்லை'யை வைத்தால் 'எப்போதும் இல்லை' வந்துவிடுகிறது. 'நன்', 'நார்', 'நைதர்' என்று ஆங்கிலத்தில் 'ந' ஒலியில் தொடங்கும் பல மறுப்புச் சொற்களின் முகப்பில் நிற்பதும் இதே 'நெ'தான். சமஸ்கிருதத்தின் 'ந' இதற்கு உறவு. அந்த 'ந'வை நாம் அறியாதவர்கள் அல்லர். 'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்பதிலிருந்து வந்ததுதானே நாத்திகம்? 'நெவர்' என்ற சொல்லுக்கும் 'நாத்திகம்' என்ற சொல்லுக்கும் முதலெழுத்தில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு.

தமிழின் 'இல்லை' வேறு குடும்பம். அது ஒட்டிக்கொள்ளும் துணுக்கு அன்று. 'இல்' என்னும் வேரில் முளைத்த வினைச்சொல். ஆகவே அது வினையைப் போலவே வளைந்து கொடுக்கிறது: இல்லாத, இல்லாமல், இன்றி, இலன், இலர். ஆங்கிலத்தில் மறுப்பு என்பது வினைக்கு வெளியே நிற்கும் காவலாளி. தமிழில் மறுப்பே ஒரு வினை.

பள்ளிக்கூட ஆங்கிலத்தில் 'நெவர்' செய்யும் முக்கிய வேலை மூன்று. டுரியான் பழத்தை வைத்துச் சொல்கிறேன். 'ஐ நெவர் ஈட் டுரியான்' என்றால் அது வழக்கம் பற்றிய பேச்சு: நான் டுரியான் சாப்பிடுவதே இல்லை. 'ஐ ஹேவ் நெவர் ஈட்டன் டுரியான்' என்றால் அனுபவம் பற்றியது: சாப்பிட்டதே இல்லை. 'ஐ வில் நெவர் ஈட் டுரியான்' என்றால் சபதம்: சாப்பிடவே மாட்டேன். மூன்று ஆங்கில வாக்கியங்களிலும் 'நெவர்' அசையாமல் நிற்க, பக்கத்தில் இருக்கும் வினை மாறுகிறது.

இந்தத் தமிழ் வாக்கியங்களில் 'நெவர்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தனிச்சொல்லாக எங்கும் இல்லை. சாப்பிடுவதே, சாப்பிட்டதே, சாப்பிடவே என்று வரும் அந்த ஏகாரத்தில் ஒளிந்திருக்கிறது. 'சாப்பிட்டது இல்லை' என்றால் ஒரு தகவல். அதில் ஓர் 'ஏ' ஏறியதும் பிறந்த நாள் முதல் இன்று வரை என்று காலம் விரிந்துவிடுகிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்லி, அவற்றுள் முதலாவதாகத் தேற்றத்தை வைக்கிறது. தேற்றம் என்றால் தெளிவு, உறுதி. ஆங்கிலேயர் ஒரு முழுச்சொல்லைச் செலவழிக்கும் இடத்தில் நாம் ஓர் உயிரெழுத்தோடு வேலையை முடித்துவிடுகிறோம்.

'ஒருபோதும்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அகராதியில். ஒருநாளும், ஒருக்காலும் என்று அதற்குத் துணைகளும் உண்டு. ஆனால் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதோ வீட்டில் சாப்பாட்டு மேசையிலோ 'ஒருபோதும்' என்ற சொல்லைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? அது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் வாழும் சொல். மோசடியைப் பற்றி எச்சரிக்கும் அறிவிப்புகளில், 'வங்கி உங்கள் கடவுச்சொல்லை ஒருபோதும் கேட்காது' என்ற வகையில் வாக்கியம் வரும். ஆங்கிலத்தில் 'நெவர்' இருந்தது, அதற்கு எதிரே ஒரு சொல் வைத்தாக வேண்டும், வைத்துவிட்டார்கள். பிழை இல்லை. ஆனால் எழுபது வயதுப் பாட்டியின் காதில் தைக்க வேண்டுமென்றால் 'வங்கி கேட்கவே கேட்காது' என்று எழுதுவதுதான் என் கைக்கு வரும். மோசடிக்காரனை விரட்டுகிற வேகம் அந்த இரட்டிப்பில்தான் இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'காது கேட்கவில்லை' என்று தொலைபேசியில் சொன்னால் இணைப்பு சரியில்லை என்று பொருள். 'காது கேட்காது' என்றால் அவர் செவித்திறன் இழந்தவர். 'கேட்காது' என்ற சொல்லுக்குள் காலம் காட்டும் உறுப்பே இல்லை. பழந்தமிழில் வாரான், உண்ணான், செய்யான் என்று எதிர்மறை வினைகள் இப்படித்தான் காலத்தைச் சொல்லாமல் நின்றன. வாரான் என்றால் நேற்றும் இன்றும் நாளையும் இடத்துக்கேற்பப் பொருந்தும். அந்தப் பழைய வடிவத்தின் எச்சங்கள்தாம் இன்றைய தெரியாது, ஆகாது, கூடாது எல்லாம். 'இந்த பஸ் தேக்காவுக்குப் போகாது' என்று ஓட்டுநர் சொல்லும்போது, அவர் இன்றைய பயணத்தை மட்டும் சொல்லவில்லை என்பது நமக்கு விளக்காமலே விளங்குகிறது. நடக்காத ஒரு தடவைக்கு 'வில்லை', நடக்காத வழக்கத்துக்கு 'ஆது' என்று பிரித்துப் பழகிய காது நம்முடையது.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பேச்சு ஆங்கிலத்தில் 'ஐ நெவர் ஈட்' என்றால் 'நான் சாப்பிடவில்லை'. நேற்று, இன்று காலை, சற்று முன், ஏதோ ஒரு தடவை நடக்காமல் போனது, அவ்வளவுதான். 'ஹி நெவர் கம்' என்றால் அவன் வரவில்லை. 'ஐ நெவர் பிரிங்' என்றால் கொண்டுவரவில்லை. வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டு வகுப்பில் நின்ற தலைமுறைகளின் ஒப்புதல் வாக்குமூலம் இது. வினை ஈட், கம், பிரிங் என்று மொட்டையாகவே நிற்கும். இறந்த காலத்தையும் மறுப்பையும் 'நெவர்' ஒன்றே சேர்த்துச் சுமக்கும்.

இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. நானும் ஒரு காலத்தில் ஒதுக்கியவன்தான். ஆனால் பக்கத்து வீட்டு மொழிகளைக் காதுகொடுத்துக் கேட்டால் கதை வேறாக இருக்கிறது.

மாண்டரினில் 'பு' என்றொரு மறுப்பும் 'மேய்' என்றொரு மறுப்பும் உண்டு. வழக்கமாகச் செய்வதில்லை, செய்ய விருப்பமில்லை என்றால் 'பு'. நடக்கவில்லை என்றால் 'மேய்'. 'பணம் இல்லை' என்று சொல்வதற்கும் அதே 'மேய்'தான். ஹொக்கியனில் 'போ' என்ற சொல்லும் அப்படியே: கையில் காசு இல்லை என்றாலும் 'போ', அங்கே போகவில்லை என்றாலும் 'போ'. இப்போது தமிழைப் பாருங்கள். பணம் இல்லை; போகவில்லை. இருப்பை மறுக்கும் சொல்லே நடந்ததையும் மறுக்கிறது. சீனத்துக்கும் தமிழுக்கும் எந்த இரத்த உறவும் கிடையாது. ஆனாலும் இரண்டும் இந்த ஓர் இடத்தில் ஒரே மாதிரி யோசிக்கின்றன. நடக்காத செயல் என்பது இல்லாத பொருள்போலத்தான் என்று இரண்டும் கருதுகின்றன. இந்த ஒற்றுமையை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

மலாய் இன்னொரு வழி. அங்கே 'திடாக்' என்றால் இல்லை. 'புக்கான்' என்றால் அல்ல. இல்லை, அல்ல என்று நாம் பிரிப்பதைப் போலவே அவர்களும் பிரிக்கிறார்கள். 'ஜாங்கான்' என்றால் செய்யாதே. இவை போக 'பெலும்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 'இன்னும் இல்லை' என்பது முழுவதும் ஒரே சொல்லில். திருமணம் ஆயிற்றா என்று கேட்டால் 'பெலும்' என்று பதில் வரும். இனிமேல் ஆகும் என்ற நம்பிக்கையும் அதற்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று நான் பொறாமைப்படும் சொல் அது. மலாய் வினைகளும் மாண்டரின் வினைகளும் காலத்துக்காக உருமாறுவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை மொழிகள் பேசியவர்கள் துறைமுகத்திலும் சந்தையிலும் பள்ளியிலும் சந்தித்தபோது ஆங்கிலம் பொது மொழியாயிற்று. அந்த ஆங்கிலத்தில் 'நடக்கவில்லை' என்று சொல்ல 'டிட் நாட்' வேண்டும். அதாவது பொருளே இல்லாத ஒரு துணைவினையைக் கூட்டிவந்து, இறந்த காலத்தை அதன் தலையில் கட்டி, மறுப்பைப் பின்னால் ஒட்ட வேண்டும். சந்தையில் இதற்கெல்லாம் ஏது நேரம்? 'மேய்', 'போ', 'வில்லை' ஆகியவற்றுக்கு நேர் எதிரே வைக்க ஒரே சொல் தேவைப்பட்டது. 'நெவர்' கைக்கு அகப்பட்டது. 'டோன்ட்' இன்னொரு பக்கத்துக்குப் போயிற்று. இன்று சிங்கப்பூர்ப் பேச்சில் 'ஐ டோன்ட் ஈட்' என்றால் சாப்பிட மாட்டேன்; 'ஐ நெவர் ஈட்' என்றால் சாப்பிடவில்லை. மாட்டேன், வில்லை என்ற நம் பழைய ஜோடி ஆங்கில உடை உடுத்தி நிற்கிறது.

கதவு முன்பே பாதி திறந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் சிறுவர்கள் 'ஐ நெவர் டச்டு இட்' என்பார்கள். வாழ்நாளில் தொட்டதே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. இப்போது உடைந்து கிடக்கிற அந்தச் சாடியைத் தொடவில்லை என்பதே பொருள். இலக்கண சுத்தமான ஆங்கிலத்திலும் 'காத்திருந்தேன், ஹி நெவர் கேம்' என்றால் அந்த ஒரு மாலையில் அவன் வரவே இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் அவர்கள் டச்டு, கேம் என்று வினையை இறந்த காலத்தில் வைக்கிறார்கள். அந்தச் சிறு அடையாளத்தை நாம் கழற்றிவிட்டோம். மேலாளர் தடுமாறியது அங்கேதான். 'ரிப்ளைடு' என்று எழுதியிருந்தால் அவர் ஒருவேளை நேற்றைய அஞ்சலைத் தேடியிருப்பார். 'ரிப்ளை' என்று இருந்ததால் வழக்கத்தைக் குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

சரி, 'நெவர்' இப்படிச் சாதாரண 'இல்லை'யாகத் தேய்ந்துவிட்டால், 'சாப்பிட்டதே இல்லை' என்பதற்குச் சிங்கப்பூரர் என்ன செய்வார்? வாக்கியத்தின் வாலில் 'பிஃபோர்' என்று சேர்த்துக்கொள்வார். 'ஐ நெவர் ஈட் பிஃபோர்.' போன ஏகாரம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. இதற்கு மறுதலையாக 'எவர்' என்பதும் இங்கே உடன்பாட்டுப் பொருளில் நடமாடுகிறது. 'ஐ எவர் கோ தேர்' என்றால் நான் அங்கே போயிருக்கிறேன். மலாயின் 'பெர்னா' செய்யும் வேலை அது. ஆங்கில நாட்டில் பிறந்தவருக்கு இந்த வாக்கியம் முடியாமல் தொங்குவது போலிருக்கும்.

பலமான மறுப்பு தேய்ந்து சாதாரண மறுப்பாவது சிங்கப்பூரின் கண்டுபிடிப்பு அன்று. ஆங்கிலத்தின் 'நாட்' என்ற சொல்லே அப்படித் தேய்ந்ததுதான். ஆதியில் அதற்கு 'ஒரு பொருளும் இல்லை' என்று அழுத்தமான பொருள் இருந்தது. பழைய 'நெ' வலுவிழந்தபோது முட்டுக்கொடுக்க வந்த சொல் அது. நாளடைவில் 'நெ' உதிர்ந்து, முட்டுக்கொடுக்க வந்தது வீட்டுக்காரராகிவிட்டது. பிரெஞ்சிலும் இதே கதை. அங்கே முட்டுக்கொடுத்தது 'ஓர் அடி' என்று பொருள்படும் 'பா'. டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் இந்தச் சுழற்சியை விளக்கி எழுதினார். எந்த மறுப்பும் நாளாக நாளாக நீர்த்துப்போகும், மக்கள் அழுத்தத்துக்கு வேறொன்றைத் தேடுவார்கள், அதுவும் நீர்த்துப்போகும். தமிழிலும் கண்ணெதிரே நடக்கிறது. 'நேற்று அவன் வரவேயில்லை' என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்த 'ஏ' உண்மையிலேயே கனக்கிறதா?

அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. எதிர்பார்த்ததுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். வீட்டு மொழியாகிவிட்ட ஒன்றை வெளியூர்க்காரருக்கும் புரியும்படி பேச வேண்டும் என்பதில் தவறு காண முடியாது. என் அண்ணன் மகளுக்கு நான் சொன்னதும் அதுதான்: தோழிக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் 'நெவர்' இருக்கட்டும், மேலாளருக்கு 'டிட் நாட்' எழுது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினாள்.

'நெவர்' என்பதன் மற்ற உபயோகங்களை விரைந்து சொல்லிவிடலாம். வாக்கியத்தின் தலையில் அதை வைத்தால் வினையும் எழுவாயும் இடம் மாறும். 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்று தொடங்கும் கட்டுரைகளைத் துணைப்பாட ஆசிரியர்கள் அளவுக்கு மீறி ஊக்குவிக்கிறார்கள் என்பது என் எண்ணம். 'யூ நெவர்!' என்று தனியாக வியந்தால் 'அடேயப்பா, நிஜமாகவா!' என்று பொருள். 'நெவர்' வந்த இடத்தில் இன்னொரு மறுப்பு கூடாது என்பது இலக்கணம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் இரண்டு மூன்று மறுப்புகளை அழுத்தத்துக்காக அடுக்கினார்கள். இரண்டு மறுப்புகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் தம் ஆங்கில இலக்கண நூலில் எழுதியதைப் பள்ளிகள் இறுகப் பிடித்துக்கொண்டன. அப்புறம், சண்டை. கணவன் மனைவிக்குள் வரும் 'யூ நெவர் லிசன்' பொய்தான் என்று இருவருக்குமே தெரியும். தமிழில் அந்தப் பொய்யைக் கேள்வியாகச் சொல்வோம்: 'நான் சொல்லி நீங்கள் என்றைக்குத்தான் கேட்டிருக்கிறீர்கள்?' மலாய்க்காரர் 'மானா அடா', எங்கே இருக்கிறது என்று கேட்டு மறுப்பதும், சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அது 'வேர் காட்' ஆனதும் இதே உத்திதான்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் தனிப் பிரச்சினை. அதற்கு என் தாயாரே சாட்சி.

இரத்தப் பரிசோதனைக்காக அம்மாவை ஒரு மருந்தகத்துக்கு அழைத்துப்போயிருந்தேன். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. வரிசை எண் சீட்டு எடுக்க நான் நகர்ந்த நேரத்தில் ஓர் இளம் தாதி அம்மாவிடம் வந்து, 'ஆன்ட்டி, திஸ் மார்னிங் நெவர் ஈட் ஆ?' என்று கேட்டிருக்கிறார். அம்மா தயங்காமல் 'யெஸ்' என்றார். சாப்பிடவில்லைதானே என்று கேட்டால், ஆமாம், சாப்பிடவில்லை என்பதுதானே முறை? கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். மாண்டரினிலும் அப்படித்தான். ஆங்கிலம் கேட்டவரைப் பொருட்படுத்துவதில்லை. நடந்ததா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கிறது. நடக்கவில்லை என்றால் 'நோ'. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. நேர்க் கேள்விக்கு 'யே', 'நே' என்று ஒரு ஜோடி, எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ' என்று இன்னொரு ஜோடி. 16ஆம் நூற்றாண்டில் அந்த வேறுபாடு மங்கிக்கொண்டிருந்தபோது, ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் தம் எதிராளியான, பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேல் இதைக்கூடச் சரியாகக் கையாளவில்லை என்று கடிந்துகொண்டார். பிறகு முதல் ஜோடி வழக்கொழிந்தது.

தாதி பேனாவை நிறுத்தினார். 'யெஸ், ஈட் வாட்?'

'நெவர் ஈட்!' என்றார் அம்மா, இரண்டு கைகளையும் விரித்து.

'ஸோ, நோ?'

'யெஸ்!'

நான் திரும்பி வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அம்மா நேற்று இரவு எட்டு மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை' என்று நான் நேரத்தைக் குறிப்பிட்டுச் சொன்ன பிறகே ஊசி வெளியே வந்தது.

இரத்தம் எடுத்து முடிந்ததும் அந்தத் தாதி ஒரு ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே, 'நெவர் மைண்ட்' என்றார். ஆங்கிலப் புத்தகப்படி அதற்கு 'அதை விடுங்கள், கவலைப்படாதீர்கள்' என்று பொருள். இங்கே அது மரியாதையான மறுப்பு. அம்மா மனத்தில் இருந்தது 'பரவாயில்லை'. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த 'பர்வா', அதாவது கவலை, அதோடு நம் 'இல்லை'. 'நெவர் மைண்ட்' என்பதும் அதே இரண்டு துண்டுகள்தாம், முன்பின்னாக. மலாயின் 'தாக் அப்பா'வும் ஏறக்குறைய அப்படியே. இந்த நாட்டில் யாரும் முதல் 'நெவர் மைண்'டை நம்புவதில்லை. இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை வற்புறுத்துவார்கள்.

தாதி கேட்கக்கூட இல்லை. பொட்டலத்தை அம்மாவின் கைப்பைக்குள் வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார்.